இருபதும் தப்பு

சோயிக்குக் கணக்கு வராது என்று சொன்னால் அந்த ஊரில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். நாற்பது வருஷமாகத் தோப்புத் தோப்பாகப் போய்த் தேங்காய் எண்ணியவர். கைக்கு ஒன்றாக எடுத்து எறிந்துகொண்டே ராகம் போட்டு எண்ணுவார். நூறு ஆனதும் ஒரு காயைத் தனியே தள்ளி வைப்பார். தள்ளி வைத்தவை நாலு, கடைசியில் உதிரியாக நின்றவை ஒன்பது என்றால் நானூற்று ஒன்பது. முதலாளி மறுபேச்சுப் பேசாமல் லாரியில் ஏற்றச் சொல்வார்.

எழுதத்தான் தெரியாது. அறுபத்தாறு வயதில் அதற்கு என்ன அவசரம் என்று கேட்டவர்களிடம், சும்மா இருக்கிறதுக்கு இது மேல் என்றார். நிஜம் வேறு. மனைவி கல்யாணி போய் மூன்று வருஷம். பிள்ளை குட்டி கிடையாது. பகலை எப்படியோ ஓட்டிவிடலாம், சாயங்காலம் ஐந்து மணிதான் அவருக்கு ஆகவே ஆகாது. வீடு அப்படியே வாயை மூடிக்கொள்ளும். ஒரு ஆளுக்குக் கஞ்சி வைக்கும் அளவு இன்னும் கைக்குப் பிடிபடவில்லை.

வாசகசாலையின் பின்னறையில் சாயங்காலம் நாலாம் வகுப்புத் தேர்வுக்குப் பெரியவர்களைப் படிக்க வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் உட்கார்ந்தார். அவரோடு சேர்த்து ஒன்பது பேர் இருந்தார்கள். ஒரே கேலியும் கூத்துமாக இருக்கும். போன வருஷம் ஆறு பேர் தேறிவிட்டார்கள், இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். சோயி தோற்றார். அது நிஜத் தோல்விதான். நானூற்று ஒன்பதை 4009 என்று எழுதிவிட்டு வந்தார். நானூறு, அப்புறம் ஒன்பது. அவர் தோப்பில் சைபருக்கு வேலையே இல்லை.

வகுப்பு எடுத்த பிரசீதா டீச்சர் அதற்குப் பிறகு தரையில் சாக்கட்டியால் மூன்று கட்டம் போட்டாள். நூறின் கட்டத்தில் நாலு குச்சி, கடைசிக் கட்டத்தில் ஒன்பது. நடுக்கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். அவரை அண்ணன் முறை வைத்து ஏட்டா என்றுதான் கூப்பிடுவாள். “இங்க ஒண்ணும் இல்லதான், ஏட்டா. ஆனா இல்லேங்கறதையும் எழுதி வைக்கணும். இல்லேன்னா பக்கத்துல இருக்கிறதெல்லாம் இடம் மாறிடும்.”

அது சோயிக்குச் சட்டென்று புரிந்தது. சாக்கட்டியை வாங்கி, காலியாகக் கிடந்த நடுக்கட்டத்தில் தானே ஒரு சைபர் போட்டார்.

இந்த வருஷம் வகுப்பில் அவர் ஒருத்தர்தான். போன மாதம் டீச்சர் பேச்சுவாக்கில் சொன்னாள், அவர் தேறிவிட்டால் இங்கே வகுப்பை மூடிவிடுவார்கள், தன்னை ஊரின் வேறு வார்டு வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள் என்று. அன்றைக்கே சோயிக்குக் கணக்கு மறந்துபோனது.

புதன்கிழமை அவள் ஒரு தாள் கொடுத்தாள். இரண்டிரண்டு எண்களாக இருபது வரி, பெரியதைச் சுற்றி வட்டம் போட வேண்டும். சோயி நெற்றியைச் சுருக்கி, பென்சிலைக் கடித்து, நன்றாகவே நடித்துப் போட்டுக் கொடுத்தார். டீச்சர் திருத்தினாள். ஒருமுறை எண்ணினாள், மறுபடியும் எண்ணினாள்.

“இருபதும் தப்பு, சோயியேட்டா.”

“வயசாச்சு டீச்சர். மண்டையில ஏறமாட்டேங்குது.”

“தெரியாதவங்க கண்ணை மூடிட்டுப் போட்டாலும் பாதியாவது சரியா வந்திருக்கும். இருபதையும் தப்பாப் போடணும்னா இருபதும் தெரிஞ்சிருக்கணும்.”

சோயி முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். திருட்டுத்தனம் பிடிபட்ட வெட்கம் காதுவரைக்கும் சுட்டது. அவள் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. பையிலிருந்து அதே இருபது வரி உள்ள, வட்டம் போடாத தாள் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

இந்தமுறை பென்சில் நிற்கவே இல்லை. பத்தொன்பது வட்டம், பத்தொன்பதும் சரி. கடைசி வரியில் 409, 490. அங்கே வந்து கை நின்றுவிட்டது.

“இந்த ஒண்ணை நாளைக்குப் போடட்டுமா டீச்சர்?”

வெளியே அவளுடைய பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவள் எழுந்திருக்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்தாள்.

“போடுங்க. ஆனா ஞாயித்துக்கிழமை பரீட்சை வந்தே தீரும், ஏட்டா. எழுதிடணும்.”

எழுதிவிடுகிறேன் என்று சோயி தலையை ஆட்டினார். பிறகு விரல்விட்டு எண்ணினார். வியாழன், வெள்ளி, சனி.

“இன்னும் மூணு சாயங்காலம்” என்றார். அதை மட்டும் அவரால் தப்பாக எண்ண முடியவில்லை.