இருநூற்று எண்பத்து மூன்றாம் நூல்கண்டு

நூல்கடைக்காரருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும், பிறவியிலேயே அப்படி. கடையில் நானூறு நிறங்களுக்கு மேல் நூல்கண்டுகள், எண் வாரியாக அடுக்கியிருக்கும். நிறம் பார்த்து எடுத்துக் கொடுப்பது மனைவி. அவள் இல்லாதபோது யாராவது துணியோடு வந்தால், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் நிற்பார்.

ஒருநாள் அரக்குச் சட்டைக்குப் பச்சை நூலை நீட்டிவிட்டார். வாங்க வந்தவர் சிரித்த சிரிப்பை, மென்பொருள் எழுதும் அவருடைய மச்சினி, மனைவியின் தங்கை, பார்த்துவிட்டாள்.

"மாமா, போட்டோவைத் தொட்டா நூல் நம்பர் சொல்ற மாதிரி ஒண்ணு செஞ்சு தரேன்."

"நடக்கிற காரியமா சொல்லும்மா!"

ஒவ்வொரு கண்டையும் படமெடுத்து, நிறத்தை எண்ணோடு பதிந்தாள். பிரவுசரில் திறக்கும் ஒரு பக்கம். படத்தை ஏற்றித் தொட்டால் நெருங்கிய நூலின் எண் வரவேண்டும். முதல் சோதனையில் நீலத் துணியைத் தொட்டார்கள். மஞ்சள் நூலின் எண் வந்தது.

"சரிதான், இதுக்கும் உங்க மாமா கண்ணு!" அக்கா வயிறு குலுங்கச் சிரித்தாள்.

மச்சினிக்கு ரோஷம் வந்துவிட்டது. படம் திரையில் கால்வாசியாகச் சுருங்கித் தெரிந்தது. கருவியோ முழுப் படத்தில் அதே புள்ளியைத் தேடிப்போய், ஓரத்தில் கிடந்த மஞ்சள் அளவு நாடாவைப் படித்திருந்தது. அதைச் சரிசெய்தாள். அடுத்து விளக்கு வெளிச்சம் காலை வாரியது: வெள்ளையே நீலம் பாய்ந்து தெரிந்தது. துணியருகே வெள்ளைத் தாளை வைத்துப் படமெடுத்து, முதலில் தாளைத் தொட்டால் வெளிச்சத்தின் கோளாறு கழியும்படி மாற்றி எழுதினாள்.

அக்கா பல் பிடுங்கப் போயிருந்த அன்று, நாடகக் குழுவின் தையல்காரம்மா ஓடிவந்தாள்.

"சாயங்காலம் நாடகம். மேடைத் திரை கிழிஞ்சுபோச்சு. ஒருமாதிரி கருஞ்சிவப்பு. வீட்டம்மா எங்கே?"

கடைக்காரர் போனைக் கையில் எடுத்தார். "திரைப் பக்கத்துல ஒரு வெள்ளைத் தாளை வெச்சுப் போட்டோ அனுப்பச் சொல்லுங்க."

படம் வந்தது. தாளைத் தொட்டார், திரையைத் தொட்டார். இருநூற்று எண்பத்து மூன்று. எடுத்து நீட்டினார்.

"நிச்சயமாத் தெரியுமா?"

"தைரியமா எடுத்துட்டுப் போங்க."

சொல்லிவிட்டாரே தவிர, மதியச் சாப்பாட்டுக்குக்கூடக் கடையைவிட்டு நகரவில்லை. அக்கா கன்னத்தில் பஞ்சோடு திரும்பினாள். தகவல் கேட்டு மச்சினியும் வந்துவிட்டாள். மூவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து மணிக்கு அது அடித்தது.

"எங்கே தைச்சேன்னு நானே தேடுறேன், கிடைக்க மாட்டேங்குதுங்க!"

மச்சினி மேசையைத் தட்டிக் கூவினாள். கடைக்காரர் அவள் தலையில் கைவைத்தார். அதற்குள் ஒருவர் கையில் துணியோடு படியேறினார். அக்கா பழக்கத்தில் எழுந்தாள்.

"நீ உக்காரு," என்றார். "நான் பாத்துக்கறேன்."