நாலு பேர் குறையுது

பழைய தரவுக் கிடங்கில் உறுப்பினர்கள் 3,212 பேர். புதியதில் 3,208. கள்ளக்குறிச்சியில் ஓர் உழவர் நிறுவனத்தின் பன்னிரண்டு வருடத் தரவுகளை ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்கு ஒற்றை ஆளாய்க் குடிபெயர்த்த ஜெயசுதாவுக்குப் பசியே போய்விட்டது. கல்வராயன் மலைக்குச் சாமை விதை ஏற்றும் ஜீப் இரண்டு மணிக்குக் கிளம்பும். புதிய பட்டியலில் பெயர் இருந்தால்தான் மூட்டை.

காணாமல்போன நாலு பேரையும் கண்டுபிடித்துவிட்டாள். பழையதிலிருந்து எடுத்து, சுத்தம் செய்து, புதியதில் ஏற்றும் புரோகிராமை எழுதியவளே அவள்தான். ஒரே ஆள் இரண்டு முறை இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்று அதற்குச் சொல்லியிருந்தாள். வெள்ளச்சி, கணவர் ராமன், ஒரே ஊர், ஒரே பிறந்த தேதி, ஒரே செல்போன் எண் என்றிருந்த ஐந்து பதிவுகளில் நான்கை அது கழித்துக் கட்டியிருந்தது. சரியாகத்தானே செய்திருக்கிறது? இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அந்த எண்ணுக்கே போன் போட்டாள்.

“வெள்ளச்சி அக்காவா? விதை ஆபீஸ்லேர்ந்து ஜெயசுதா பேசறேன்.”

“எந்த வெள்ளச்சி வோணும்? இங்க அஞ்சு பேரு இருக்கோம். எங்கிட்டதான் போனு இருக்குது, அதான் எல்லாரும் என் நம்பரயே குடுத்துக்கிறாங்க.”

“அஞ்சு பேர் வூட்டுக்காரரும் ராமனா?”

“ஊர்ல பாதி ஆம்பளைங்க ராமன்தாம்மா.”

“பொறந்த தேதி கூட ஒண்ணா இருக்குதேக்கா?”

“ஆதார் கார்டு எடுக்க வந்தவரு எல்லாருக்கும் ஜனவரி ஒண்ணுன்னு போட்டுக்கினு போயிட்டாரு. வெதை வருதில்ல? ஏர் ஓட்டி வெச்சிட்டுக் குந்திக்கினு இருக்கோம்.”

“பாத்துச் சொல்றேன்க்கா” என்று ஜெயசுதா போனை வைத்தாள். அப்படியானால் பழைய கிடங்கு மட்டும் இவர்களை எப்படிப் பிரித்து வைத்திருந்தது? அதில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. குப்பை என்று அவளே அதை ஏற்றாமல் விட்டிருந்தாள். திறந்து பார்த்தால், பதிவு செய்த புண்ணியவான் ஆளுக்கொரு அடையாளம் எழுதியிருந்தார்: பாறை வூடு, ஓடையோரம், பலாமரம், கடுக்காய்க் கொல்லை, சண்டைக்காரி.

தலையில் அடித்துக்கொண்டாள். குறிப்பு வேறென்றால் ஆளும் வேறு என்று திருத்தி, மொத்தத்தையும் முதலிலிருந்து ஏற்றினாள். வாங்கி வைத்த டீ ஆறிப்போனது. ஒன்றே முக்காலுக்குத் திரையில் 3,212 வந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

மறுபடி போன் போட்டாள். “அஞ்சு பேருக்கும் வெதை வருதுக்கா. நீங்க பாறை வூடுதானே?”

“இல்லம்மா.”

“ஓடையோரமா? பலாமரம்? கடுக்காய்க் கொல்லை?”

“அதெல்லாம் வேற ஆளுங்க. என்னை இன்னான்னு எழுதி இருக்குது?”

ஜெயசுதா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பொய் சொல்லவும் வரவில்லை.

“சண்டைக்காரின்னு போட்டிருக்குதுக்கா.”

எதிர்முனையில் சிரிப்பு வெடித்தது.

“அந்தாளு சரியாத்தான் எழுதிக்கிறாரு! ஒரு மூட்டை கொறஞ்சிருந்தாலும் இன்னைக்கே பஸ் ஏறி உன் ஆபீசுக்கு வந்திருப்பேன்.”