அமுக்கிய பட்டன்

மங்கம்மாவின் வலது கையில் மூன்று விரல்கள் போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அவள் வேலை பார்த்த, மரக்காணம் உப்பளங்களை ஒட்டியிருந்த உப்பு அரவை ஆலைக்குத் தெய்வநாயகி அன்றுதான் வந்தாள். உப்பை அள்ளிப்போகும் கன்வேயர் பெல்ட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் செய்தது, புதுச்சேரியில் தெய்வநாயகி வேலை பார்க்கும் கம்பெனி. அதற்குள் ஓடும் புரோகிராம் அவள் எழுதியது.

"சேலை முந்தானை மாட்டிக்கிச்சு மேடம். நிறுத்துற பட்டனை அமுக்காம மங்கம்மா கையால இழுத்திருக்குது" என்றார் சூப்பர்வைசர் கலியமூர்த்தி. "அப்படித்தான்னு எழுதி, இடது கையில கைநாட்டு வாங்கியாச்சு. நீங்க சும்மா பாத்துட்டு ஓகேன்னு போட்டுட்டுப் போங்க."

தெய்வநாயகி லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்து, பெல்ட்டை ஓடவிட்டு, சிவப்புப் பட்டனை அமுக்கினாள். நின்றது. பத்து முறை அமுக்கினாள், பத்து முறையும் நின்றது. நம் மேல் தப்பில்லை என்று அவளுக்கு மூச்சு வந்தது. அந்த நிம்மதியை நினைத்து அவள் பின்னால் பலநாள் கூசிப்போனாள்.

கேபிளைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டை நிறுத்தலாம் என்று கடைசியாக ஒருமுறை அமுக்கினாள். பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது. மறுபடி அமுக்கினாள். உள்ளங்கையால் அடித்தாள். உப்பு கொட்டிக்கொண்டே இருந்தது. கலியமூர்த்தி ஓடிப்போய், தினமும் வேலை முடிந்ததும் இறக்கும் மெயின் சுவிட்சை இறக்கினார்.

லேப்டாப் இருந்தால் நிற்கிறது, இல்லாவிட்டால் நிற்பதில்லை. ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து அவள் பெட்டியைத் திறந்து, சிப்பின் மேலிருந்த எண்ணைப் படித்தாள். ஆறு மாதத்துக்கு முன் வந்த மெயில் நினைவுக்கு வந்தது. பழைய சிப் கிடைக்கவில்லை, அதே வகையில் இன்னொன்று இருக்கிறது, அதன் கேஷ் நினைவகம் நாலு கிலோபைட்டுக்குப் பதில் பதினாறு, போடலாமா என்று கம்பெனியின் கொள்முதல் பிரிவில் கேட்டிருந்தார்கள். அவள் பஸ்ஸில் நின்றபடியே பதில் அனுப்பியிருந்தாள்: 'பெரிய கேஷ்தானே, நல்லதுதான். ஓகே.'

ப்ராசஸர் எல்லாவற்றுக்கும் மெமரிவரை போய்வராது. அடிக்கடி தேவைப்படுவதைப் பக்கத்திலேயே நகலெடுத்து வைத்துக்கொள்ளும். அந்த இடம்தான் கேஷ். பட்டன் அமுக்கப்பட்டதா என்பதை வேறொரு மின்சுற்று நேராக மெமரியில் எழுதிவிடும், ப்ராசஸரிடம் சொல்லாது. பழைய சிப்பில் இடம் குறைவு. பட்டனின் நிலையும் எடைக்கணக்கு அட்டவணையும் கேஷில் ஒரே இடத்தில் வந்து விழும். அட்டவணை வந்து பட்டனின் நகலைத் தள்ளிவிடும். ப்ராசஸர் மெமரிக்கே போய்ப் புதிதாகப் படிக்கும். அவள் புரோகிராமில் தப்பு முதல் நாளே இருந்தது. இட நெருக்கடிதான் அதை மறைத்து வைத்திருந்தது. பதினாறு கிலோபைட்டில் இரண்டுக்கும் தனித்தனி இடம். 'அமுக்கவில்லை' என்று காலையில் எடுத்த நகல் நாள் முழுக்க அசையாமல் இருந்தது. லேப்டாப்புக்கு விவரம் அனுப்பும்போது மட்டும் கேஷ் நிரம்பி, அந்த நகல் வெளியே போனது.

படிக்கும் முன் பழைய நகலை அழி என்று ஒரே ஒரு வரி சேர்த்தாள். லேப்டாப் இல்லாமலே பெல்ட் நின்றது.

மேலாளர் சித்தார்த்தனுக்குப் போன் செய்தாள்.

"சரி பண்ணிட்டல்ல? விடு தெய்வா."

"அந்தம்மா பட்டனை அமுக்கியிருக்காங்க சார். நம்ம பெட்டிதான் நிறுத்தல."

"அது ஏற்கெனவே முடிஞ்ச கேஸ். அப்டேட் பண்ணேன்னு மட்டும் எழுது. ஓகே சொன்ன மெயில் யாருதுன்னு ஞாபகம் இருக்குதில்ல?"

அவள் எல்லாவற்றையும் எழுதினாள். தன் மெயிலையும் சேர்த்தே தொழிற்சாலை ஆய்வாளருக்கு அனுப்பினாள். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தவறு அந்த ஒரு பொறியாளருடையது, அவரை நீக்கிவிட்டோம் என்றது கம்பெனி. பெட்டி செய்தவர்களைக் கேளுங்கள் என்றது ஆலை. கைநாட்டு வைத்த காகிதத்தைக் காட்டி, சம்பந்தப்பட்ட தொழிலாளிக்குப் புகாரே இல்லை என்று இருவரும் சொன்னார்கள். விசாரணை அதோடு முடிந்தது.

இரண்டு மாதம் கழித்து, தான் எழுதிய அறிக்கையின் நகலோடு தெய்வநாயகி மங்கம்மாவின் வீட்டுக்குப் போனாள். மங்கம்மா இடது கையால் துணி அலசிக்கொண்டிருந்தாள். வந்தவள் யாரென்று கேட்டுவிட்டு, "படி" என்றாள். தெய்வநாயகி படித்தாள்.

"மூணு தபா அமுக்கினேன்" என்றாள் மங்கம்மா. "ஆஸ்பத்திரியில சொன்னேன், ஆபீஸ்ல சொன்னேன். என் வூட்டுக்காரரே, பயத்துல மறந்திருப்பேன்னாரு. எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நாமதான் அமுக்கலையோன்னு. அப்பத்தான் கைநாட்டு வெச்சேன்."

"அமுக்கினீங்கக்கா. அது உண்மை."

"இப்ப வந்து சொல்ற." அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "அதுல ஓகேன்னு யாரோ எழுதினதா படிச்சியே, யாரு அது?"

"நான்தாங்க."

மங்கம்மா அவள் விரல்களையே வெகுநேரம் பார்த்தாள்.

"பேப்பர வெச்சிட்டு நீ கெளம்பு. என் வூட்டுக்காரரு வந்ததும் யாரையாவது அவருக்குப் படிச்சுக் காட்டச் சொல்லணும்."