நிற்காத பந்தின் பின்னால் சின்னராசு

அன்று அங்கே இருந்தவர்கள்: நிலத்துக்காரர் செல்லமுத்து, அவருடைய உழவு மாடுகள் இரண்டு, சேந்தமங்கலத்து மிளகு வியாபாரி அப்துல் நாசர், வெயில் ஆகாது என்று ஜீப்பை விட்டு இறங்காத அவர் மனைவி நஜிமா, மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னராசு, அவனுக்குச் சோறு கொண்டுவந்து, திரும்பிப் போகாமல் நின்றுவிட்ட அவன் மனைவி சுமதி. 1998 தை மாதம், மலைமேல் சோளக்காடு என்ற ஊருக்கு மேற்கே சாமை அறுத்த கொல்லையில், இவர்கள் கண்ணுக்கு முன்னால் சின்னராசு ஒரு கோல்ஃப் பந்தை அடித்தான். அந்தப் பந்து ஆறு வருடம் நிற்காமல் உருண்டது.

சின்னராசு ஆலத்தூர் நாட்டுக்காரன்; மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. மீசை முளைக்கும் முன்பே பெங்களூருக்குப் போய், அங்கே ஒரு கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவன். கேடி என்றால் ஆடுகிறவருடைய மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடப்பவன், பந்தைத் துடைத்துக் கொடுப்பவன், அது எங்கே விழுந்தது என்று கண்ணை எடுக்காமல் பார்ப்பவன். அவனை யாரும் பார்க்க மாட்டார்கள். அதில் அவனுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவனுக்கென்று பிடித்ததும் பிடிக்காததும் இருந்தன. பையில் இருக்கும் அத்தனை மட்டைகளிலும் ஏழாம் நம்பரைத்தான் அவனுக்குப் பிடிக்கும்; பெரிய மட்டைகளைச் சண்டைக்காரர்கள் என்பான். தரையில் குத்திய சின்ன ஆணி மேல் வைத்து அடிக்கும் பந்தை விடப் புல்லுக்குள் மாட்டிக்கிடக்கும் பந்து பிடிக்கும். பந்தைப் பார்த்து “போ, போ” என்று கத்துகிறவர்களைக் கண்டாலே ஆகாது. பனி விழுந்த காலை பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடித்த பிறகு பந்தைத் தேடிப் போகும் அந்த நடை பிடிக்கும். பந்து விழுந்துவிட்டது, எப்படி விழுந்திருக்கிறது என்று இன்னும் எவருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் யாரும் தோற்றிருக்க மாட்டார்கள். திங்கட்கிழமைகளில் கேடிகள் ஆடிக்கொள்ளலாம் என்று கிளப்பில் ஒரு ஏற்பாடு உண்டு. மற்றவர்கள் ஆடினார்கள். சின்னராசு வெறுங்கையோடு மைதானம் முழுக்க நடந்துவிட்டு வந்தான்.

1997இல் அவன் மலைக்குத் திரும்பி சுமதியைக் கட்டிக்கொண்டான். அதே வருடம் அப்துல் நாசர், காப்பி வாங்க வந்த யாரோ ஒரு பெரிய மனிதரோடு கோயம்புத்தூர் போய், ஒரே நாளில் கோல்ஃப் பைத்தியம் பிடித்துத் திரும்பினார். மலையில் ஒரு கேடி இருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் ஜீப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். செல்லமுத்துவின் கொல்லையில் கடப்பாரையால் ஒரு குழி போட்டு, பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிய குச்சி ஒன்றை நட்டார்கள். மைதானம் அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் நாசர் அடித்தார், சின்னராசு சுமந்தான். அந்தத் தை மாதத்து நாளில் சுமதிதான் வாயைத் திறந்தாள். “ஏனுங்க, ஊருக்கெல்லாம் பை தூக்குனீங்களே, ஒண்ணு அடிச்சுத்தான் காட்டுங்களே.”

நாசருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “வாப்பா, நமக்குள்ள ஒரு போட்டி. தோத்தா நீ என் பையத் தூக்கணும்.”

“இப்பவும் அதத்தானுங்க பாய் தூக்கிட்டிருக்கிறேன்” என்றான் சின்னராசு. நஜிமா ஜீப்புக்குள் சிரித்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

நாசர் ஆறு தடவை அடித்துக் குழிக்குள் போட்டார். சின்னராசு ஏழாம் நம்பரை எடுத்து ஒரே ஒரு அடி அடித்தான். பந்து உயரப் போய் இறங்கி, சிவப்புத் துணியைத் தாண்டி உருண்டது. “சரிவு. அடியில போய் நின்னுரும்” என்றார் செல்லமுத்து. சரிவு முடிந்தது. பந்து மேட்டில் ஏறியது. ஒரு ஆள் நடக்கும் வேகத்தில், அவசரமில்லாமல் ஏறியது. சின்னராசு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தான்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இருவர் ஆடும் ஆட்டத்தில் ஒருவர் பந்து குழிக்குப் போகாமலே, எதிராளி “கொடுத்தாச்சு” என்று சொல்லிவிட்டால் அது குழிக்குள் விழுந்த கணக்கு. பந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். நாசர் அன்று மாலையே மூச்சிரைக்க ஓடிவந்து “கொடுத்தாச்சுப்பா, எடுத்துக்க!” என்று கத்தினார். சின்னராசு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஓடற பந்தைக் கொடுக்க முடியாதுங்க பாய். நிக்கணும். நின்னாத்தான் செல்லும்.” விதி அப்படித்தான் இருந்தது. ஆட்டத்தில் இருக்கும் பந்தை விட்டுவிட்டுப் போகும் கேடி கேடியே இல்லை என்பது அவன் விதி.

அந்தப் பந்து ஆலத்தூர் நாட்டைச் சுற்றி, திருப்புலி நாட்டுக்குள் போய், காப்பித் தோட்டங்களுக்குள் புகுந்து வெளியே வந்தது. ஓடைகளில் நீர் மேலேயே உருண்டு அக்கரை ஏறியது. மழை அதன் மேல் விழவில்லை, சுற்றிலும் விழுந்தது. களங்களில் கேழ்வரகு கொட்டியிருந்தால் பந்து ஒதுங்கிப் போனது, சின்னராசு செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தான். வண்டிக்காரர்கள் வண்டியிலேயே தூங்குவது போல அவன் நடந்தபடியே தூங்கினான், கால் இடறவில்லை. கொடுத்ததை நடந்துகொண்டே சாப்பிட்டான். திருப்புலி நாட்டில் புற்றைத் தோண்டிக்கொண்டிருந்த கரடி ஒன்று கையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, இருவரும் கடக்கும் வரை பார்த்திருந்தது. 1999 தேர்தலில் ஓட்டுப்போட நின்ற வரிசை பந்துக்காக இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்ந்தது. அந்த வருடம் மிளகு கிலோ இருநூறைத் தொட்டது. பந்து வரும்போது பஸ்ஸை நிறுத்துவார்கள். இறங்கியவர்கள் பேசாமல் நிற்பார்கள், சிலர் கும்பிடுவார்கள். நிறுத்திப் பார்த்தவர்களும் உண்டு. பலகை வைத்தார்கள், பள்ளம் வெட்டினார்கள், பலாப்பழத்தை உருட்டிவிட்டார்கள். பந்து எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு போனது. பார்த்தவர்கள் எல்லோரும் பந்தைத்தான் பார்த்தார்கள்.

வருடத்துக்கு ஒரு தடவை பந்து சின்னராசுவின் வீட்டு வழியாக வரும். சுமதி களியும் கீரையும் கையில் கொடுத்து, கொஞ்ச தூரம் கூட நடப்பாள். முதல் வருடங்களில் அழுதாள். பிறகு திட்டினாள். கல்யாணமாகி ஒரு வருடம்தான் சேர்ந்து இருந்தார்கள். கொல்லை வேலை முழுக்க அவள் தலையில். மிளகு எழுபதுக்கு விழுந்த 2003இல், அடுத்த வைகாசிக்குள் வராவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மா வீட்டுக்கே போய்விடுவதாகச் சொன்னாள். “நிக்கட்டும், வந்தர்றேன்” என்றான் அவன். அவள் அம்மா வீட்டுக்குப் போனால் திரும்பி வருகிறவள் இல்லை. அது அவனுக்கும் தெரியும்.

வைகாசியில் அவன் வந்தான். அன்று சுமதி களி கொடுக்கவில்லை. சோளக்காடு வரைக்கும் அவன் பக்கத்திலேயே நடந்தாள். பந்தைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தாள். வழியில் சேறு கிடந்த இடத்தில் சின்னராசு காலைத் தூக்கி அரை நொடி தயங்கினான். முன்னால் போன பந்தும் அரை நொடி தயங்கியது. சுமதி அவன் காலையும் பந்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சந்தையில் நாசரின் ஜீப் நின்றது; அவர் பழ வியாபாரியோடு விலை பேசிக்கொண்டிருந்தார். “பாய், கொஞ்சம் இருங்க” என்று சத்தம் போட்டுவிட்டு, அவள் ஓடிப்போய்ப் பந்துக்கும் அவனுக்கும் நடுவில், பந்துக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

“வழி விடு சுமதி. பந்து போவுது.”

“பந்து எங்கியும் போவலீங்க. நீங்கதான் போறீங்க.”

“கேடி நின்னா ஆட்டம் கெட்டுரும்.”

“கெடட்டும். என்னத் தள்ளிட்டு வேணா போங்க.”

அவன் நின்றான். ஆறு வருடம் கழித்து அந்தக் கால்கள் நின்றன. அவள் முதுகுக்குப் பின்னால் பந்தும் நின்றது. சந்தையில் பலாச்சுளை பிரித்தவர்களின் கை நின்றது, தராசுத் தட்டு ஆடாமல் நின்றது, டிரைவர் பஸ் இன்ஜினை அணைத்தார். மேலே ஓடிக்கொண்டிருந்த மேகமும் நின்றதாகச் சொல்கிறார்கள். அதை நான் விசாரித்தேன், நின்றிருக்கிறது. நாசருக்கு மூட்டு வலி. மெதுவாக நடந்து வந்து, குனிந்து பந்தைப் பார்த்துவிட்டு, தொழுகையில் ஓதுகிற குரலில் சொன்னார்: “கொடுத்தாச்சு, சின்னராசு.”

அவன் உடனே எடுக்கவில்லை. ஒரு காலை நகர்த்தினால் போதும், பந்து போகும் என்பது இப்போது அவனுக்கும் தெரிந்துவிட்டது. முன்னால் சாலை வளைந்து மரங்களுக்குள் போனது. அதையே வெகுநேரம் பார்த்தான். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. பலர் அன்றுதான் அவன் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தார்கள்.

“இதுக்கப்புறம் நான் என்ன பண்றது?” என்று கேட்டான்.

“குச்சிக்கிழங்கு புடுங்கணும். வாங்க” என்றாள் சுமதி.

சின்னராசு குனிந்து பந்தை எடுத்தான். தோள் துண்டில் சுற்றிச் சுற்றித் துடைத்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மட்டைப் பையை நாசரின் ஜீப்பில் வைத்துவிட்டு, தோள் ஒரு பக்கம் இறங்கியே இருக்க, அவள் பின்னால் நடந்தான். யார் ஜெயித்தது என்று சந்தைக்கு வந்திருந்த செல்லமுத்து கேட்டதற்கு நாசர், தெரியவில்லை என்றார். அதற்குப் பிறகு மேகம் நகர்ந்தது, பஸ் கிளம்பியது, பழத்துக்கு மறுபடி விலை பேசினார்கள்.

வீட்டு வாசலில் சுமதி ஒதுங்கி நின்று அவனை முதலில் உள்ளே விட்டாள். அவன் தாண்டிப் போகும்போது அவனுடைய சட்டைப் பை அசைவதைப் பார்த்தாள். துணிக்குள் பந்து தன் இடத்திலேயே மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் உள்ளே வந்து, அவனுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினாள்.