யூ வராத சனிக்கிழமை

விஜயதசமி லீவு முடிந்து மறுநாள் காலை எட்டேகாலுக்கு முதல் டிரெய்லரின் கன்டெய்னர் நம்பரை அடிக்க உட்கார்ந்தேன். மூன்று எழுத்து விழுந்தது. நான்காவது எழுத்து யூ. அது விழவில்லை. மறுபடி அழுத்தினேன். விரலை மாற்றி, கட்டைவிரலால் குத்திப் பார்த்தேன். கறுப்புத் திரையில் அந்தச் சின்ன வெள்ளைக் கோடு மூன்றாவது எழுத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எனக்கென்ன வந்தது என்று இமைத்துக்கொண்டிருந்தது.

வேறு எந்த எழுத்து போயிருந்தாலும் எப்படியாவது சமாளித்திருப்பேன். கன்டெய்னர் நம்பர் என்றால் நான்கு எழுத்து, ஏழு எண். முதல் மூன்று எழுத்து பெட்டி எந்தக் கம்பெனியுடையது என்பதைப் பொறுத்து மாறும். நான்காவது எழுத்து மாறவே மாறாது. பெட்டி சிங்கப்பூருக்குப் போனாலும் யூ, ஜெர்மனியிலிருந்து வந்தாலும் யூ. திருவொற்றியூரில் எங்கள் யார்டு கேட்டில் ஒரு நாளைக்கு நூற்றைம்பது பெட்டிகளுக்குப் பாஸ் போடுகிறேன். மூன்று வருடமாக என் விரல் பட்டுப் பட்டு அந்தக் கீயின் மேல் இருந்த எழுத்து அழிந்து மொழுமொழுவென்று ஆகிவிட்டிருந்தது. கையால் எழுதிக் கொடுக்கலாம் என்றால், ஹார்பர் கேட்டில் கம்ப்யூட்டர் பாஸ் இல்லாத வண்டியை அப்படியே திருப்பி விடுவார்கள்.

இதையெல்லாம்விட நான் பயந்த விஷயம் வேறு. போன வருடம் இதே கீபோர்டில் டீயைக் கொட்டிவிட்டேன். வலது பக்கம் தனியாக இருக்கும் எண்கள் மொத்தமும் செத்துப்போயின. மேனேஜர் கருணாகரன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இன்னொரு வாட்டி கீபோர்டுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீ வேற எடம் பாத்துக்கோ கார்குழலி" என்றார். நான் கான்ட்ராக்ட்டில் இருப்பவள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் அப்பா ரயில்வே கூலி வேலையில் இடுப்பொடிந்து படுத்திருக்கிறார், தம்பி பீம்ராவ் பாலிடெக்னிக் இரண்டாம் வருடம். வேறு இடம் பார்த்துக்கொள்ளும் வசதி எனக்கு இல்லை. கருணாகரன் சனிக்கிழமைகளில் பதினோரு மணிக்கு வருவார்.

ஜன்னல் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். வரிசையில் முதலில் நின்ற வண்டியின் டிரைவர் ரவிக்குமார். அவர் வண்டியின் முன்னால் வாழைக்கன்றும் மாலையும் வாடித் தொங்கின. டயர்களில் நசுங்கிய எலுமிச்சம்பழம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா, ஒரு பாஸுக்கு இவ்ளோ நேரமா? ரெண்டு மணிக்கு கப்பல் குளோசிங், அதுக்கு மேல பெட்டிய வாங்க மாட்டான். பின்னால பன்னெண்டு வண்டி நின்னுகினு கீது."

"கீபோர்டு வேலை செய்யல அண்ணே."

"ஆயுத பூஜைக்கு நல்லா கும்ட்டீங்களா இல்லியா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கேபிளைக் கழற்றி ஊதி மாட்டினேன். மிஷினை அணைத்துப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் அது எழுந்து வர நான்கு நிமிடம். மூன்று தடவை அணைத்துப் போட்டதில் வெளியே ஹாரன் சத்தம்தான் கூடியது. பின் ரூமில் கிடந்த பழைய கீபோர்டைத் தூசி தட்டிக் கொண்டுவந்தால், அதன் கேபிள் முனை தடிமனாக இருந்தது, இந்த மிஷினின் ஓட்டையோ சின்னது. சரி என்று என் கீபோர்டைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன். முறுக்குத் துண்டு, மிக்சர் கடலை, என் ஹேர்பின் ஒன்று, சாம்பல் போலத் தூசி. எல்லாம் நான் உட்கார்ந்த இடத்தில் தின்றதற்குச் சாட்சி. அவசரமாகக் கூட்டி அள்ளிக் கூடையில் போட்டுவிட்டு யூவை அழுத்தினேன். ம்ஹும்.

ராயபுரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் காஜா மொய்தீனுக்குப் போன் போட்டேன்.

"கேபிளைக் கழட்டி மாட்டும்மா."

"மாட்டியாச்சு பாய்."

"ரீஸ்டார்ட் பண்ணு."

"மூணு தடவை பண்ணியாச்சு."

"அப்ப ஒண்ணு பண்ணு. ஆல்ட்டைப் புடிச்சிகினு சைடுல கீற நம்பர்ல எட்டு, அஞ்சு அடி. யூ தானா வந்து வியும்."

"அந்த நம்பர்லாம் போன வருஷம் டீ குடிச்சிட்டுச் செத்துப்போச்சு பாய். நீங்கதானே வந்து பாத்தீங்க?"

"ஆமால்ல," என்றார். "சரி, புதுசு ஒண்ணு எடுத்துகினு வர்றேன். அரை மணி நேரம்."

அரை மணி நேரம் முக்கால் மணி நேரமானது. வரிசையில் இப்போது முப்பது வண்டிக்கு மேல். காலடிப்பேட்டையைத் தாண்டிவிட்டது என்று வாட்ச்மேன் வந்து, ஏதோ பந்தயத்தில் ஜெயித்தவர் போலச் சொன்னார். பத்து மணிக்குப் போன் அடித்தது. காஜா மொய்தீன், ஏதோ ஒரு ரூபாய் பூத்திலிருந்து.

"பேஜாரு ஆய்டுச்சும்மா. டோல்கேட் தாண்டி நவுரவே முடில. ரோடு பூரா டிரெய்லரு. இன்னானு கேட்டா உங்க கம்பெனி வண்டிங்கதான் நிக்குதாம். நீ வண்டிய வுட்டாதான் நான் வர முடியும்."

"நீங்க வந்தாதான் பாய் நான் வண்டிய விட முடியும்!"

"அப்ப அந்தப் பட்டனைப் பேத்துப் பாரு. ஒடயாது, சும்மா நெம்பு," என்றவரின் குரல் ரூபாய் தீர்ந்து பாதியில் அறுந்தது.

பேர்த்து உடைத்துவிட்டால் வேலை போகும். பேர்க்காமல் உட்கார்ந்திருந்தாலும் போகும். ரவிக்குமாரிடம் ஸ்குரூ டிரைவர் வாங்கிக் கீயின் அடியில் கொடுத்து நெம்பினேன். டக்கென்று பிடுங்கிக்கொண்டு மேஜைமேல் விழுந்தது. உள்ளே பார்த்தேன். மஞ்சளாக ஏதோ பாறையாக இறுகிக் கிடந்தது. ஓரத்தில் சிவப்பு. மூக்கருகில் கொண்டுபோனேன். சந்தனம்.

என் மிஷினில் சந்தனம். எங்கள் வீட்டில் இருப்பது புத்தர் படமும் அம்பேத்கர் படமும்தான். பொட்டு, கற்பூரம் எதுவும் கிடையாது. ஆபீஸ் பூஜை அன்று பொரி, கடலை, ஒரு ஆப்பிள் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவேன். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. இரண்டு வருடம் முன்பு மட்டும், கீபோர்டு முழுக்கப் பொட்டு வைத்து என் கையெல்லாம் பேப்பரெல்லாம் சந்தனமாகி, இனி யாராவது என் மிஷினைத் தொட்டால் நடக்கிறதே வேறு என்று ஊரைக் கூட்டியிருந்தேன். அதையும் மீறி எவன் கையை வைத்தது? மேனேஜர் வரட்டும், பெயரோடு சொல்லிவிடுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இந்தத் தடவை நான் இல்லை. டீ இல்லை, முறுக்கு இல்லை. என் கையில் ஆதாரம் இருக்கிறது.

"யாரு இதுல சந்தனம் வெச்சது?" என்று கத்தினேன்.

வாட்ச்மேன் வானத்தைப் பார்த்தார். வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த சொக்கம்மாள் அக்கா மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். பதினோரு வருடமாக இந்த யார்டைக் கூட்டிப் பெருக்குகிறவள். அவளும் என்னைப் போல் கான்ட்ராக்ட்தான்.

"நான்தான் கண்ணு வெச்சேன். இன்னா ஆச்சு?"

"இன்னா ஆச்சா? வெளிய நிக்குது பாரு, அதுதான் ஆச்சு! உன்னை யாருக்கா வெக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. வாட்ச்மேன் டேபிளுக்கு வெச்சாங்க, எடை மேடைக்கு வெச்சாங்க, என் தொடப்பத்துக்குக்கூட ஒரு பொட்டு வெச்சாங்க. உன் மிசினுக்கு மட்டும் வெக்கல. அவங்க வூட்ல கும்புட மாட்டாங்கோ, அந்தப் பொண்ணு கத்தும், வுடுன்னுட்டாங்க. எனுக்கு மனசு கேக்கல. இத்தினி பட்டன்ல எயுத்து கீது, இது ஒண்ணுல மட்டும் தேஞ்சி போயி மொயுக்குனு கீது. இதுதான ரொம்ப ஒயச்சிருக்குன்னு இதுக்கு மட்டும் வெச்சேன். அப்பால நீ வந்து கத்துவியேன்னு ஈரத்துணியால நல்லா தொடச்சிட்டேன்."

துடைத்ததில்தான் அத்தனையும் உள்ளே இறங்கியிருக்கிறது. என் கத்தலுக்குப் பயந்து துடைத்திருக்கிறாள். என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியாமல், "போக்கா, போய் மருந்துப் பெட்டில ஸ்பிரிட் இருக்கும், எடுத்துனு வா," என்றேன்.

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஹேர்பின்னால் சுரண்டினோம். அவள் விளக்குப் பிடித்தாள். கீயைத் திரும்ப மாட்டினால் சிக்கியது, கழற்றினால் அடியில் ரப்பர் முளை மட்டும் தெரிந்தது. அதைப் பால்பாயின்ட் பேனாவின் பின்பக்கத்தால் குத்தினேன். திரையில் யூ. இன்னொரு குத்து. இன்னொரு யூ. சத்தியமாகக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று எழுத்து விரலால், நான்காவது பேனாவால், ஏழு எண் விரலால் என்று அடித்துத் தள்ளினேன். பத்தே முக்காலுக்கு ரவிக்குமாரின் வண்டி ஒரு நீண்ட ஹாரன் கொடுத்துவிட்டு நகர்ந்தது.

பதினேழாவது பாஸ் போட்டுக்கொண்டிருக்கும்போது கருணாகரன் உள்ளே வந்தார். வரிசையைப் பார்த்துக்கொண்டே பைக்கை ஓட்டி வந்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. நேராக என் மேஜைக்கு வந்து, பல் விழுந்த வாய் போல இருந்த கீபோர்டையும் என் கையிலிருந்த பேனாவையும் பார்த்தார்.

"மறுபடியும் டீயா?"

வாசலில் சொக்கம்மாள் அக்கா மாப்போடு நின்றாள். ஒளியவில்லை. சொல்லு கண்ணு, பரவாயில்லை என்பது போல என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தனத்தைப் பார்த்ததிலிருந்தே வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். பெயர் மட்டும்தான் பாக்கி இருந்தது, அதுவும் கிடைத்துவிட்டது. வாயைத் திறந்தேன்.

"டீ இல்ல சார். ரொம்ப அடிச்சதுல தேஞ்சிபோச்சு."

"தேயுமா? மூணு வருஷத்துல ஒரு கீபோர்டு தேயுமா?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தத் துடைப்பு எனக்கு நன்றாகத் தெரியும். "மொதல்ல வண்டிங்களை அனுப்பு. திங்கக்கெழமை பேசிக்கலாம்."

எதற்காக அப்படிச் சொன்னேன் என்று இன்னமும் எனக்கு எரிச்சல்தான். அவள் மேலும் எரிச்சல், என் மேல் அதைவிட. திங்கட்கிழமை என்ன பேசுவார் என்று ஒவ்வொரு யூவுக்கும் ஒரு தடவை நினைத்துக்கொண்டேன். ஒன்றரை மணிக்குக் காஜா மொய்தீன் புதுக் கீபோர்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, டோல்கேட்டிலிருந்து நடந்தே வந்து வேர்க்க விறுவிறுக்க நின்றார். அதை மாட்டும்போதுதான் கழற்றி வைத்த பழைய கீயைத் தேடினேன். மேஜையில் இல்லை. மேஜைக்கு அடியிலும் இல்லை.

தண்ணீர் குடிக்க வராந்தாவுக்குப் போனேன். சுவரில் முருகன் படம், வியாழக்கிழமை பூஜைக்குப் போட்ட மாலை. படத்துக்குக் கீழே இருந்த பலகையில் அந்தக் கீ. கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. தலையில் ஒரு கனகாம்பரப் பூ. எழுத்து அழிந்த இடத்தில், இன்னும் ஈரம் காயாமல், ஒரு சந்தனப் பொட்டு.