சின்ராசு பதினேழு முறை விழும் படம்

அந்தப் படத்தை யார் எங்கே பார்த்தாலும், போடிநாயக்கனூரில் சின்ராசு பதினேழு முறை விழுவார். ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் பார்த்தாலும் பதினேழுதான். அந்த மட்டுக்கும் பிழைத்தார். பதினாறு முறை தானாக எழுந்துவிடுவார். பதினேழாவது முறை அவர் மனைவி கற்பகம் வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கவேண்டும். வேறு யார் தூக்கினாலும் லோடு ஏற்றிய ஜீப்பைப்போலக் கனப்பார். ஏலக்காய்க் கடையில் தரம் பிரித்துக்கொண்டிருக்கும் கற்பகம், சேதி வந்ததும் சல்லடையைப் போட்டுவிட்டு ஓடுவாள்.

படம் பதினோரு நிமிடம், பேச்சே கிடையாது. தொண்ணூற்றொன்றில் கன்னையன் எடுத்தது. போடிமெட்டு வளைவில் சுமைதூக்கி ஒருவன் ஏலக்காய் மூட்டையோடு ஜீப்பை நெருங்குகிறான்; நெருங்கும்போதெல்லாம் ஜீப்பு நாலடி நகர்கிறது; அவன் விழுகிறான். கன்னையனின் மற்ற மூன்று குறும்படங்களும் சுத்த மோசம். அவற்றில் ஆட்கள் நம்மைச் சிரிக்கவைக்க விழுகிறார்கள். இதில் சின்ராசு ஜீப்பைப் பிடிக்கத்தான் ஓடுகிறார். நிஜச் சுமைதூக்கி என்பதால், விழும்போதும் மூட்டை கிழியாமல் மார்போடு அணைத்துக்கொள்கிறார். அந்த அணைப்பில்தான் சிரிப்பே வருகிறது. கன்னையன் வாழ்நாளில் ஒரே ஒரு நல்ல படம் எடுத்தார். அதை எடுக்காமலே இருந்திருக்கலாம்.

முப்பது வருடம் பெட்டியில் கிடந்த படத்தைக் கல்லூரி ஆசிரியர் லிங்கேஸ்வரன் தேடியெடுத்து, ஒரு கட்டுரையும் எழுதி இணையத்தில் ஏற்றினார். நாயகன் எழாமலே முடியும் கடைசிக் காட்சி, தோல்வியை ஒப்புக்கொள்ளத் துணிந்த கலைஞனின் முத்திரை என்று எழுதியிருந்தார். அன்று மத்தியானமே சின்ராசு கடைவீதியில் விழ ஆரம்பித்தார். கற்பகம் நேரே ஆசிரியர் வீட்டுக்குப் போனாள்.

“முத்திரையும் இல்ல ஒண்ணும் இல்ல சார். பிலிமு தீந்துபோச்சு. அதுக்கப்புறம் இவுக எந்திரிச்சு, தூசியத் தட்டிட்டு, டீ குடிச்சாக. நான் அங்கனதான் நின்னேன்.”

நல்ல மனிதர், உடனே படத்தை இணையத்திலிருந்து நீக்கிவிட்டார். அதற்குள் அது போனுக்குப் போன் தாவி எங்கெங்கோ போய்விட்டிருந்தது.

கன்னையனுக்கு எண்பது வயது. “அழுவாத ஆத்தா, எந்திரிக்கிறதையும் எடுத்து ஒட்டிருவோம்” என்று கற்பகத்திடம் சொல்லி, அதே வளைவில் சின்ராசுவை எழவைத்து செல்போனில் எடுத்தார். அருமையாகத்தான் வந்தது. ஆனால் எழுவதை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை, விழுவதையே அனுப்பினார்கள். அந்த வருத்தத்திலேயே கன்னையன் போய்ச்சேர்ந்தார்.

அதன்பிறகு ஊர் பாராட்டு விழா வைத்தது. விஷயம் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் நடித்தவரை மேடையேற்றிவிட்டுப் படத்தைப் போடாமல் விட்டால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தார்கள். பொன்னாடையோடு சின்ராசு பதினேழு முறை விழுந்தார். மண்டபம் விசிலடித்தது. கற்பகம் மேடையேறித் தூக்கும்போது அவருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கூட்டத்தைப் பார்த்து, “இனிமேலாச்சும் பாக்காதீக அப்பு, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்” என்று கும்பிட்டாள். அதையும் ஒருவன் படம்பிடித்தான்.

அவர் கட்டிலிலிருந்து விழுந்ததால் பாயில் போட்டார்கள். பாயிலும் ஒரு முழம் எழும்பி எழும்பி விழுந்தார். ஒன்றரை வருடம் அப்படியே போனது. ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்பதாவது விழுகைக்கும் பத்தாவதுக்கும் நடுவே உயிர் பிரிந்தது. கணக்குக் குறையாமல் மீதி எட்டையும் உடம்பு விழுந்து முடித்தது. இனியாவது விட்டுவிடும் என்று கற்பகம் நம்பினாள். அவளுக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

மறுநாள் பாடை தெருமுனைக்கு வந்தது. பெண்கள் அந்த இடத்தோடு திரும்பிவிடவேண்டும். அப்போது எந்த ஊரிலோ யாரோ படத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். சின்ராசு பாடையிலிருந்து விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். சங்கு ஊதுபவர் சங்கை இறக்கினார். பதினோரு நிமிடம் எல்லோரும் ஓரமாக நின்றார்கள்; ஒருவர் பீடி பற்றவைத்தார். பதினேழாவது முறை விழுந்தவர் தார்ரோட்டில் கிடந்தார். நாலு பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை.

திரும்பி நடந்துகொண்டிருந்த கற்பகத்தைக் கூப்பிட்டார்கள். வந்து, அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் படுக்கவைத்து, மாலையைச் சரிசெய்தாள்.

“வெரசா நடங்க, நானும் வர்றேன்” என்றாள். பெண்கள் வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சுடுகாடு போய்ச்சேர்வதற்குள் இன்னும் இரண்டு முறை அவள் தேவைப்பட்டாள்.