மருதினி என்று இரண்டு முறை

...அந்தப் பேரை அவன் எப்படிச் சொல்லலாம், அதுவும் தம்பி குழந்தையின் காதில், வெற்றிலையால் மறைத்துக்கொண்டு, மருதினி, மருதினி என்று. நர்மதா சர்க்கரைக் கிண்ணத்தோடு சுவரோரம் நின்றாள். விக்கிரமங்கலத்து வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள், யாருக்கும் தெரியாது, தெரிந்தது இரண்டே பேருக்கு, அதில் ஒருவன் அவள் புருஷன், இப்போது கொடுத்துவிட்டான். புதுசா இருக்கே, செல்லுல தேடுனியா அண்ணே, என்று நாத்தனார் கமலவேணி சிரிக்கிறாள். சுதர்சன் இவள் பக்கம் பார்க்காமல் சொல்கிறான், நம்ம மருதையாத்துப் பேருதான், கொஞ்சம் மாத்தி வச்சேன். வச்சேனாம். யார் வைத்தது? போன வருஷம், அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போன பஸ் பாலத்தில் ஏறியபோது ஆற்றில் தண்ணீர் ஓடியது, என் பேரும் ஆறுதாங்க, ஆனா நான் பார்த்ததே இல்ல, பொண்ணு பொறந்தா அவ பேரு அவ பார்க்குற ஆறா இருக்கட்டும், மருதினின்னு வைப்போம் என்றது இவள்தான். சொல்லிப் பாருங்க என்றதற்கு, பொறக்கட்டும், அவ காதுலயே சொல்றேன் என்றான். ஐந்தாம் மாதம் கலைந்துபோய்விட்டது. பெண்தான் என்றாள் நர்ஸ். துண்டில் சுற்றி அவன்தான் எடுத்துப்போனான், அந்த ஆற்றங்கரைக்கே, எந்த இடம் என்று இவள் கேட்கவில்லை, கேட்டிருக்கணுமோ... பேரும் அங்கேயே கிடக்கிறது என்றிருந்தாள். போடாத சட்டையைத் தம்பி பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி எடுத்துக் கொடுத்துவிட்டான். அப்படியென்றால் இனி நமக்கு இல்லை என்று முடிவே செய்துவிட்டானா, என்னைக் கேட்காமல்? சொல்லிவிடலாமா, இது செத்த குழந்தையின் பேர் என்று? ஒரு வார்த்தை போதும், தொட்டிலைச் சுற்றியிருக்கிற அத்தனை முகமும் மாறிவிடும், பெற்றவள் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு அழுவாள், அவளுக்கு என்ன தெரியும் பாவம்...

ரெண்டு தரம்தான் சொன்ன அண்ணே, மூணு தரம் சொல்லணும், பெரியப்பா ஆனதும் எல்லாம் மறந்துபோச்சா, என்றாள் கமலவேணி. சுதர்சன் மறுபடி குனிந்தான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. தொண்டை கட்டிடுச்சு என்று நிமிர்ந்தான். அப்ப நீங்க சொல்லுங்க அண்ணி, பெரியம்மாதானே. வெற்றிலை அவள் கைக்கு வந்தது, காம்பு அவன் வியர்வையில் நனைந்திருந்தது. குனிந்தாள். வசம்பு வாசனை, சின்னக் காது. வாய் திறந்தவளுக்கு அப்போதுதான் தோன்றியது, இத்தனை நாளில் அவன் அந்தப் பேரைச் சொல்லி இவள் கேட்டதே இல்லை, இன்றுதான், இரண்டு முறை. இரண்டும் இந்தக் குழந்தைக்குத்தானா?